கண்மாயை நிரப்பிய சரளைக்காடு

அருப்புக்கோட்டைச் சீமை என்றதும் எல்லோருக்கும் கரிசல்தான் நினைவுக்கு வரும். கி. ராஜநாராயணனின் எழுத்தும், கருங்கண்ணிப் பருத்தியும், மிளகாயும் மல்லியும் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன. ஆனால் பாளையம்பட்டியிலிருந்து கிழக்கே திருச்சுழி வரை நிலம் ஒரே சீராகக் கருத்துக் கிடக்கவில்லை. பள்ளத்தில் கரிசல். கொஞ்சம் ஏறினால் செவக்காடு. அதற்கும் மேலே, பாறையின் முதுகு வெளியே தெரியும் மேடுகளில், சரளை. கம்பி பாய்ச்சினால் ஒரு சாணுக்குள் ‘டங்’கென்று பாறை தட்டும் நிலம் அது. இலக்கியம் கரிசலைக் கொண்டாடியது. வருவாய்த் துறை கரிசலுக்குத் தீர்வை போட்டது. சரளைக்காட்டைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

பேசியிருக்க வேண்டும். இந்தச் சீமையின் கண்மாய்களுக்குத் தண்ணீர் தந்தது பெரும்பாலும் அந்தச் சரளைக்காடுதான்.

இந்தப் பகுதியின் அடித்தளம் நைஸ், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகள். அவை மெல்ல மெல்லச் சிதைந்து, இரும்புச் சத்தால் சிவந்து, செம்மண் ஆகின்றன. மேட்டில் உருவாகும் மண் அங்கேயே தங்குவதில்லை. ஒவ்வொரு மழையும் பொடிமண்ணைக் கீழே இறக்கிவிட, கல்லும் பருமணலும் மட்டும் மேலே மிஞ்சுகின்றன. மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைப் பாறையில் பிறந்தது. இங்குள்ள கரிசலுக்கு எரிமலை உறவு கிடையாது. சுண்ணாம்பு கலந்த பாறைகள் சிதைந்ததும், மேட்டிலிருந்து கரைந்து வந்ததும் தாழ்வான இடங்களில் தேங்கி உண்டானது. கிணறு வெட்டுகிறவர்கள் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே வெள்ளையாக ஓர் அடுக்கைக் கண்டு ‘சுக்கான்’ என்பார்கள். மழைநீரில் கரைந்து இறங்கிய சுண்ணாம்பு, ஈரம் வற்றும்போது கட்டியாக உறைந்த அடுக்கு அது. காளவாயில் சுக்கான்கல்லைச் சுட்டுத்தான் ஒருகாலத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் ராமசாமி ராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்த பிறகு, பந்தல்குடியின் சுண்ணாம்புப் பாறையும் பெரிய அளவில் வெட்டியெடுக்கப்பட்டது.

விவசாயிக்குப் பாறையின் வயதைவிட முக்கியமானது, மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்பது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிருக்குப் பயன்படும் ஈரமாக ஏறத்தாழ 150 மில்லிமீட்டருக்கு மேல் பிடித்து வைக்கும். கார்த்திகையோடு மழை நின்றாலும் பருத்தி தைப் பனியில் நிற்பது அந்தச் சேமிப்பால்தான். 25 சென்டிமீட்டர் ஆழத்தில், பாதி கல்லாக இருக்கும் சரளை மண்ணோ 12 முதல் 15 மில்லிமீட்டர் பிடித்தால் அதிகம். வெயிலும் பயிரும் சேர்ந்து நாளுக்கு 4, 5 மில்லிமீட்டரைக் குடித்துவிடும். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். பிறகு பயிர் வாடத் தொடங்கும். விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 800 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் கனமழையாகக் கொட்டிவிடும். விட்டு விட்டுப் பெய்தால் பிழைக்கும் மண்ணுக்கு ஒரே மூச்சில் கிடைக்கும் மழை போதாமல் போகிறது.

இதையே திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் 40 மில்லிமீட்டர் மழை என்றால், சரளை மேடு 15 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். பாறை வெடிப்பில் இறங்குவது போகவும், ஹெக்டேருக்கு லட்சக்கணக்கான லிட்டர் ஓடையாகி வரத்துக்காலில் சேரும். வற்றாத ஆறு இல்லாத ஊர்களில், குண்டாறும் மழைக்கு மட்டுமே ஓடும் ஊர்களில், கண்மாய்க்கு வேறு வழியே கிடையாது. முன்னோர் கரையை எங்கே போட்டார்கள் என்று பார்த்தால் தெரியும்: சரளை மேடு முடிந்து மண் ஆழமாகத் தொடங்கும் சரிவில்.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதையே இன்னும் கூர்மையாகச் செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத அந்தக் குன்றுகளில் பழங்கால நபத்தேயர்கள் விவசாயம் செய்தார்கள். 1950களின் இறுதியில் அவ்தாத் என்னும் இடத்தில் அந்தப் பண்ணைகளைத் திரும்ப அமைத்த தாவரவியலாளர் மைக்கேல் எவனாரியும் அவருடைய தோழர்களும், ஒரு பங்கு வயலுக்கு இருபது முப்பது பங்கு கல்மேடு தண்ணீர் தந்ததைக் கணக்கிட்டார்கள். சரிவிலிருந்த கற்களைக் கூட்டிக் குவித்தால் நீர் இன்னும் வேகமாக ஓடும் என்பதும் சோதனையில் தெரிந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் கல்லைப் பொறுக்குவதில் ஒரு நிதானம் தேவைப்பட்டது. ஏர் முனையை உடைக்கும் பெருங்கல்லை எடுத்து வரப்பில் அடுக்கலாம். சிறு சரளையையும் கூட்டிவிட்டால் மழைத்துளி நேரே மண்ணில் அறையும், மண் இறுகும், இருந்த கொஞ்ச ஈரமும் ஆவியாகும். மேலே கிடக்கும் சிறுகல் மண்ணுக்குக் கூரை. அந்தக் கூரையின் கீழ் காணமும், குதிரைவாலியும், வரகும், எள்ளும் விளைந்தன.

மேட்டிலிருந்து இறங்கிய பொடிமண் கண்மாய்க்குள் படிந்து கரம்பை ஆனது. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் மாட்டுவண்டிகள் உள்ளே இறங்கும். கரம்பையை வெட்டிச் செவக்காட்டிலும் சரளையிலும் குமி குமியாகக் கொட்டி, முதல் மழையில் கட்டி உடைந்ததும் பரத்தி உழுவார்கள். மண்ணின் ஆழம் கூடும், ஈரம் நிற்கும். கண்மாயின் கொள்ளளவும் திரும்பும். அதோடு ஆட்டுக்கிடை. பொட்டு ஆடு என்று பெயர்பெற்ற வேம்பூர் ஆடுகள் பகலில் சரளைமேட்டில் மேய்ந்து இரவில் வயலில் படுக்கும். மேட்டின் சத்து அப்படியும் வயலுக்கு இறங்கியது. மேடு, கண்மாய், வயல் மூன்றும் ஒரே கணக்கில் இருந்த காலம் அது.

கணக்கைப் பிரித்தது ஏடு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்தன. 1803இல் அந்த ஜமீன் ஆண்டுதோறும் அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் நிரந்தரமாக நிர்ணயமானது. நெல் விளைந்தால் ஜமீனுக்கு வாரம். விளையாத மேட்டால் வரவு ஏதும் இல்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து உழைப்பு கட்டாயமாக்கப்பட்டபோதும் கவலை கரையையும் மடையையும் பற்றியதுதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. கண்மாய்கள் ‘எக்ஸ் ஜமீன் கண்மாய்’ என்ற தலைப்பில் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. அவற்றின் நீர்ப்பிடிப்பு மேடு தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு என்று வருவாய்த் துறையின் பதிவேட்டில் தங்கிவிட்டது. தண்ணீர் ஓடுவது ஒரே சரிவில். அதற்கு உரியவர்கள் இரண்டு அலுவலகத்தில்.

‘தரிசு’ என்று எழுதிய பிறகு அதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாகிவிட்டது. ஜமைக்காவிலிருந்து 1870களின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்துக்கு வந்த சீமைக்கருவேலம், வறண்ட நிலத்துக்கு விறகு தரும் மரமாகப் பரப்பப்பட்டது. அடுப்புக்கு விறகும், கரிமூட்டத்தில் ஏழைகளுக்குக் கூலியும் தந்தது உண்மை. வரத்துக்கால்களை அது அடைத்ததும் உண்மை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது, பல ஊர்களில் ஓடையின் தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மேட்டுக்கு ஏற்ற பயிர் இல்லாமல் இல்லை. கோவிலாங்குளத்தில் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பழமரங்களில் வேலை செய்து, ‘ஏபிகே 1’ சீத்தா ரகத்தைத் தந்தது. சீத்தாவும் இலந்தையும் மண்ணின் ஆழத்தை மட்டும் நம்புவதில்லை. வேர் பாறை வெடிப்புக்குள் நுழைந்து அங்கே ஒளிந்திருக்கும் ஈரத்தைத் தேடும். தமிழ்நாட்டின் வறண்ட குன்றுச் சரிவுகளில் சீத்தா யாரும் நடாமலே வளர்வதற்குக் காரணம் இதுதான்.

2017இல் விவசாயிகள் ஏரி, கண்மாய் வண்டலை இலவசமாக அள்ள அரசு வழிவிட்டது. டிராக்டர்கள் மீண்டும் கண்மாய்க்குள் இறங்கின. வரவேற்க வேண்டிய முடிவு. அந்த அனுமதி வருவது 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின் கீழ். மேட்டுச் சரளையை ‘கிராவல்’ என்று குத்தகைக்கு விடுவதும் அதே விதிகள்தான். சாலைக்கும் மனைகளுக்கும் மேட்டைத் தோண்டிய குழிகளில் மழை தேங்கி நின்றுவிட்டால், தூர்வாரிய கண்மாய்க்கு வந்து சேரும் நீர் குறையும். ஆகவே சரளைக் குத்தகைக்கான மனு வரும்போதெல்லாம், அந்த மேட்டின் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும். அதற்கு விடை சொல்ல ஊருக்கு ஊர் ஒரு நீர்பாய்ச்சியோ, ஆடு மேய்க்கும் பெரியவரோ இன்னும் இருக்கிறார்.