வில்லோப் பட்டையும் மூட்டுநோவும்

நோய் பிறக்கும் நிலத்திலேயே மருந்தும் பிறக்கும் என்பது மேலைநாட்டாரின் பழங்கொள்கைகளுள் ஒன்று. 1763-க்கு முந்தைய ஆண்டுகளில் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதனை நம்பியே, நீர்நிலத்து வில்லோ மரப்பட்டைப் பொடியை முறைக்காய்ச்சலுற்ற ஏறத்தாழ ஐம்பதின்மர்க்கு அளித்தார். அவர் கருதியது காய்ச்சலையே. நோவின்மேற் சோதித்தவர் டண்டீ நகர மருத்துவர் தாமஸ் மக்லாகன். அவரும் அக்கொள்கையினரே. 1874-இல், அப்பட்டையினின்று பிரித்த சாலிசினை மூட்டுவாதக் காய்ச்சலுக்குத் தேர்ந்தார். முதற்கண் தாமே 5, 10, 30 கிரெயின் என அளவை ஏற்றி உண்டு, தீங்கின்மை கண்ட பின்னரே நோயாளர்க்கு ஈந்தார். மூட்டுநோவு தணிந்தது, 1876-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார். கொள்கை பிழையே, ஆயினும் சோதனையைப் பிழையென யாம் கொள்ளோம். நோவைத் தணித்தது ஈரநிலமன்று. சாலிசின் உடலினுட் சாலிசிலிக் அமிலமாக மாறுதலே.