‘கலால்’: காய்ச்சுபவரின் பெயர் வரியின் பெயரான வரலாறு

தமிழ்நாட்டில் ‘கலால் வரி’ என்னும் தொடரைக் கேட்டிராதவர் அரிது. ஆயினும் ‘கலால்’ என்பது தொடக்கத்தில் வரியைக் குறித்த சொல் அன்று. மனிதரைக் குறித்த சொல். மது காய்ச்சுபவரைக் குறித்த ‘கல்யபால’ என்னும் சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்தது இந்துஸ்தானி ‘கலால்’. வட, மத்திய இந்தியாவில் வழங்கும் கலால், கல்வார், கலார் ஆகிய சமூகப் பெயர்கள் அச்சொல்லின் உறவுகளே. சாராயம் காய்ச்சுவதும் அதை விற்பதும் அச்சமூகத்தாரின் மரபுத்தொழிலாகக் கருதப்பட்டன. காய்ச்சியவரின் பெயர் எவ்வாறு வரியின் பெயராயிற்று என்று கேட்டால், மத்திய, மேற்கு இந்தியாவின் மகுவாக் காடுகளுக்குச் செல்ல வேண்டும்.

தமிழர் இலுப்பை என்றழைக்கும் மரத்தின் வடபுலத்து வகையே மகுவா. அதன் சதைப்பற்றுள்ள பூக்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவிலும் விடியலிலும் உதிரும். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்னும் பழமொழி அப்பூவின் இனிப்புக்குச் சான்று. உலர்த்திய பூவை நீரில் ஊறவைத்தால் சில நாட்களில் அது நொதிக்கும். அந்த ஊறலைப் பானையிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்தால் சாராயம். ஓர் அடுப்பு, இரண்டு பானைகள், ஒரு மூங்கிற்குழாய், அருகில் ஓடும் நீர் ஆகியவை போதும். பில், கோண்டு முதலிய பழங்குடிகளின் பிறப்பு, மணம், இறப்புச் சடங்குகளிலும் தெய்வப் படையலிலும் இந்த மது இடம்பெற்றது.

அடுப்பைக் குறிக்கும் இந்துஸ்தானி ‘பட்டி’ என்னும் சொல்லே (தமிழ்ப் ‘பட்டி’ வேறு) சாராயம் காய்ச்சும் இடத்தையும் குறிக்கும். சொல் ஒன்றாயிருந்தமைக்குக் காரணம் உண்டு. காய்ச்சும் இடமே விற்கும் இடமாகவும், பல வேளைகளில் குடிக்கும் இடமாகவும் இருந்தது. ஊறல் புளித்துப்போனதா, சரக்கில் நீர் கலந்ததா என்பதை அங்கே வருபவர் காய்ச்சியவரிடமே கேட்கலாம்.

இத்தகைய ஆயிரக்கணக்கான அடுப்புகளை அரசு எண்ணுவது கடினம். பிரித்தானிய ஆட்சி இரு முறைகளைக் கையாண்டது. முதலாவது ‘அவுட்ஸ்டில்’ முறை. குறித்த இடத்தில் காய்ச்சி விற்கும் உரிமைக்கு ஒரு தொகை செலுத்தப்படும். எவ்வளவு காய்ச்சினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாவது மைய வடிசாலை முறை. அரசின் கண்காணிப்பிலுள்ள வளாகத்தில் மட்டுமே காய்ச்ச வேண்டும். காலனுக்கும் சரக்கின் வலிமைக்கும் ஏற்ப வரி விதிக்கப்படும். பம்பாய் மாகாணம் 1878ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் மூலம் இரண்டாவது வழியை உறுதிப்படுத்தியது. 1892இல் வந்த ‘மௌரா’ சட்டம் ஒருபடி மேலே சென்று, தாணா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. காட்டில் உதிர்ந்த பூவை வீட்டில் வைத்திருப்பதும் ஐயத்துக்குரிய செயலாயிற்று.

இதன் விளைவு, காய்ச்சுபவரும் குடிப்பவரும் பிரிக்கப்பட்டதே. சரக்கு தொலைவிலுள்ள வடிசாலையிலிருந்து வந்தது. ஊர்க்கடை ஏலம் எடுத்தவரின் கையில் இருந்தது. தெற்குக் குஜராத்தில் அக்கடைக்காரர்கள் பெரும்பாலும் பார்சிகள். கடனுக்குச் சாராயம் கொடுத்து, வட்டி சேர்ந்தபின் நிலத்தை எடுத்துக்கொண்ட வரலாற்றை டேவிட் ஹார்டிமன் விரிவாக எழுதியுள்ளார். தன் அடுப்பில் காய்ச்சிய பழங்குடி மனிதர் குற்றவாளியானார்; கடையில் வாங்கியவர் கடனாளியானார்.

எனினும் பழைய முறையைப் பொற்காலமாகக் காண்பதும் பிழை. வங்காளத்தில் 1870களில் அவுட்ஸ்டில் முறை மீண்டும் பரவலாக்கப்பட்டபோது, மலிவுச் சாராயம் குடியைப் பெருக்குகிறது என்ற முறையீடு எழுந்தது. 1883–84இல் அதை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. அங்கும் உரிமம் ஏலத்துக்கு வந்தபின், ஏலத்தொகையை மீட்க அதிகம் விற்பதே உரிமதாரரின் நோக்கமாயிற்று. அடுப்பு ஊரில் இருந்தது. அதன்மீது ஊருக்கு அதிகாரம் இல்லை.

1922இன் இறுதியில் தெற்குக் குஜராத்தின் பழங்குடியினர் எடுத்த முடிவை இப்பின்னணியிலேயே படிக்க வேண்டும். சலாபாய் என்னும் தேவி, அருள் வந்தோரின் வாயிலாக, மதுவையும் கள்ளையும் விடச் சொன்னாள். பார்சிகளிடம் வேலைக்குச் செல்லாதிருக்கவும் சொன்னாள். தங்கள் சடங்குகளிலேயே இடம்பெற்ற ஒரு பானத்தை மக்கள் கூட்டமாகத் துறந்தனர். மேலிருந்து வந்த ஒழுக்கப் போதனையால் மட்டும் இது நிகழவில்லை. கடைக்காரரின் பிடியிலிருந்து விடுபடும் வழியாகவும் மதுமறுப்பு அமைந்தது.

காய்ச்சும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்: அடுப்பைப் பற்றி முடிவெடுப்பவர் யார்? 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், அட்டவணைப் பகுதிகளில் மதுவைத் தடைசெய்யவோ முறைப்படுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தருமாறு மாநிலங்களைப் பணித்தது. 2021இல் மத்தியப் பிரதேச அரசு மகுவா மதுவைப் ‘பாரம்பரிய மது’வாக விற்கும் திட்டத்தை அறிவித்தது. நூறாண்டுக்கும் மேலாகக் குற்றமாகக் கருதப்பட்ட ஒன்று இப்போது புட்டியில் அடைபட்டு மரபாகிறது. அந்தப் புட்டியின் விலையையும் வழியையும் எந்த ஊர் தீர்மானிக்கும் என்பதே இனி கவனிக்கத்தக்கது. ‘கலால்’ என்ற சொல்லில் மனிதர் மறைந்து வரி மட்டும் எஞ்சிய வரலாறு நம் நாவிலேயே இருக்கிறது.