கைநாட்டு வைத்த அம்மாச்சிக்கு வேதம் மனப்பாடம் ஆன கதை



கொடைக்கானலில் மூன்று நாளாக விடாத மழை. நேற்றிரவு கரண்ட் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தபோது என் அம்மாச்சி பாடும் கீர்த்தனை ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மாச்சி கைநாட்டுதான். ஆனால் கெட்ட குமாரன் கதையை, அவன் பன்றி மேய்த்ததில் இருந்து தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டது வரை, ஒரு வரி பிசகாமல் பாடுவார். படிக்கத் தெரியாதவருக்கு வேதம் எப்படி மனப்பாடம் ஆனது?

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் வழியாக ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்தன. பெப்ரிசியஸ் ஐயர் பலவற்றை மொழிபெயர்த்தார். மெட்டு மட்டும் ஜெர்மன் மெட்டு. நாலாம் வகுப்பில் குறில் நெடில் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? குறிலை இழுத்தால் 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். வெளிநாட்டு மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்கார வைப்பதில் உள்ள தொல்லை அதுதான்.

இதற்கு வழி கண்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்; சரபோஜி மன்னரோடு படித்தவர். அவர் வசனத்தை அப்படியே பெயர்க்கவில்லை. தியானித்து, நம் ராக தாளத்தில் புதிதாகப் பாடினார். 1800 வாக்கில் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தலைவன் கிறிஸ்து, தலைவி சீயோன் மகள். குறி சொல்ல வரும் குறத்தி யார் தெரியுமா? விசுவாசம்! மலைக்காரர்களான நமக்கு இதில் தனிப் பெருமை.

வீரமாமுனிவரின் தேம்பாவணியும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் பெருங்காப்பியங்கள், கற்றோருக்குச் சுவை. கீர்த்தனையோ எல்லோருக்கும் ஆனது. ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடலாம். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வருவதால் மனதில் ஒட்டிக்கொள்ளும். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் இதே முறைதான்.

சாஸ்திரியார் காலத்திலேயே சண்டையும் வந்தது. புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழிசையை ஒதுக்கியபோது அவர் கொதித்தெழுந்தார். அதில் நான் அவர் பக்கம். அதே சண்டையில் சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கட்டும் என்றும் வாதாடினார். அதை என்னால் ஏற்க முடியாது. பாட்டைக் கொண்டாடுகிறோம் என்பதற்காக இதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

அந்தப் பாட்டு அழியவில்லை. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர், தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்து 1853-இல் அச்சிட்டார். சாஸ்திரியார் அப்போது உயிரோடு இருந்தார். 1845-இல் நம் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் இதே மிஷன்தான். சபைகளில் கீர்த்தனை ஊன்றிய பிறகு, தேயிலைப் பாத்திரம் கழுவும் பெண்ணின் வாய்க்கும் அது வந்து சேர்ந்தது. என் அம்மாச்சி அப்படிப் பங்களா வேலைக்கு மலையேறி வந்தவர்தான்.

சாதி பார்க்கலாம் என்றவர் வளர்த்த பாட்டு முறை, யாரையும் சாதி கேட்காமல் போய்ச் சேர்ந்தது. பாட்டு பாடியவரைவிடப் பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மாச்சியின் கீர்த்தனையில் கடைசிச் சரணம் எனக்கு மறந்துவிட்டது. அவர் இருந்தபோது எழுதி வைக்கத் தோன்றவில்லை. வாத்தியாராக இருந்தும் செய்த தவறு. நீங்கள் செய்யாதீர்கள். எந்தச் சாமி பாட்டானாலும் சரி, வீட்டுப் பெரியவர்களைப் பாடச் சொல்லி இன்றைக்கே செல்போனில் பதிந்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்