கெல்டிரியா கோட்டை, பழவேற்காடு

கெல்டிரியா கோட்டை, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கட்டியது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர் கட்டிய முதல் கோட்டை இதுவே. திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில் இது அமைந்திருந்தது.

தோற்றம்

இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்க டச்சுக்காரருக்குச் சோழமண்டலத் துணி தேவைப்பட்டது. தீவு மக்கள் இங்கு நெய்து வண்ணம் தீட்டிய துணிகளை விரும்பி வாங்கினர். 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுக் கம்பெனியார் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டு கம்பெனியின் அதிகாரி வெம்மர் வான் பெர்ஹெம் கோட்டையைக் கட்டி முடித்தார். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே கோட்டைக்கு வைக்கப்பட்டது.

வெடிமருந்து ஆலையும் வணிகமும்

சோழமண்டலக் கரையின் டச்சு நிர்வாகத் தலைமையிடமாக விளங்கிய பழவேற்காட்டில் நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் இயங்கின. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துக் கலந்து ஆலையில் உருவான மருந்து, கீழைநாடுகளிலிருந்த டச்சுத் தளங்களுக்கும் தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் 17ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போய்ச் சேர்ந்தது. துணியோடு மனிதர்களும் விற்கப்பட்டனர். பஞ்சத்தில் சிக்கிய ஏழைகள் பலர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டனர்.

1632 முதல் 1642 வரை இங்கு பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி எழுதிய நூல் 1651இல் நெதர்லாந்தில் வெளிவந்தது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்களை ஐரோப்பியர் முதன்முதலில் அறிந்தது அதன் வழியாகத்தான்.

வீழ்ச்சி

1640இல் ஆங்கிலேயர் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைத் தொடங்கியபின் வணிகத்தில் போட்டி வளர்ந்தது. 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாகவே, பிற்பாடு பழவேற்காடு மீண்டும் தலைமையிடமானது. 1795இல் அதையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1818இல் ஊரைத் திருப்பித் தந்தாலும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் நிரந்தரமாகப் பெற்றுக்கொண்டனர்.

இன்றைய நிலை

ஆங்கிலேயர் காலத்தில் தகர்க்கப்பட்ட கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாயில் தூண்களைக் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.