ஹம்பிக் கல்தேரும் கிரீன்லாவின் ஒளிப்படமும்

முன்னுரை

வரலாற்றை எழுதுவதற்குரிய சான்றுகளாகக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு ஆகியவற்றையே ஆய்வாளர் பெரிதும் கொள்வர். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது பழைய ஒளிப்படமாகும். ஒரு கட்டடத்தின் இன்றைய தோற்றமே அதன் தொன்மைத் தோற்றம் எனக் கருதும் பிழையினின்றும் அது நம்மைக் காக்கிறது. ஹம்பி விட்டலர் கோயிலின் கல்தேரைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியத்திலிருந்து ஒளிப்படத்திற்கு

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரத் தலைநகர் பாழ்பட்டது. அதன் இடிபாடுகளைக் காலின் மெக்கன்சி 1799இல் நிலப்படமாக வரைவித்தார். வரைபவரின் கையும் கண்ணும் ஓவியத்தில் கலந்துவிடுவது இயல்பு. கட்டடங்களைப் பதிவுசெய்ய வரைவோருக்கு மாற்றாக ஒளிப்படக்கலையைப் பயன்படுத்துமாறு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை 1855இல் அறிவுறுத்தியது. அதற்கு மறு ஆண்டாகிய 1856இல், சென்னைப் படையைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரீன்லா ஹம்பியைப் படம்பிடித்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு எதிர்ப்படத் தாளாகப் பயன்பட்டது.

இம்முறையில் ஒளி நெடுநேரம் பட வேண்டியிருந்தமையால், நடமாடும் மாந்தர் படத்தில் பதிவதில்லை. எனவே இத்தகைய படங்களில் காணப்படும் வெறுமை முழுவதும் வரலாற்றின் விளைவன்று. ஒரு பகுதி தொழில்நுட்பத்தின் விளைவாகும். விரூபாட்சர் கோயிலில் வழிபாடு தொடர்ந்து வந்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

கல்தேர் காட்டும் உண்மை

விட்டலர் கோயிலின் கல்தேர் உண்மையில் கருடனுக்குரிய சந்நிதியாகும். கிரீன்லாவின் படத்தில் அதன்மேல் செங்கற்சிகரம் ஒன்று எழுந்து நிற்கிறது. இன்று அது இல்லை, பிற்காலத்தில் அகற்றப்பட்டுவிட்டது. 2017இல் வெளியிடப்பட்ட ஐம்பது ரூபாய்த் தாளிலும் சிகரமற்ற கல்தேரே இடம்பெற்றுள்ளது. கோடிக்கணக்கானோர் அறிந்த வடிவம், 1856இல் இருந்த வடிவமன்று என்பது தெளிவு.

விசயநகரக் கோயில்களில் கூரைவரை கல்லும், அதன்மேல் செங்கல்லும் சுதையுமாக அமைவது பெருவழக்கு. ஆகவே சிகரம் அக்கட்டடத்திற்கு அயலானதன்று எனலாம். சிகரத்தோடு நோக்கும்போது அது தேர்வடிவில் அமைந்த கோயில். சிகரமின்றி நோக்கும்போது கல்லில் செதுக்கிய தேர் மட்டுமே. வழிபாட்டிடம் சிற்பப்பொருளாகச் சுருங்கிவிடுகிறது.

எனினும் ஒளிப்படத்திற்கும் எல்லை உண்டு. சிகரம் 1856இல் இருந்தது என்பதையே அது மெய்ப்பிக்கும். கல்தேரோடு உடன் கட்டப்பட்டதா, பின்னர்ச் சேர்க்கப்பட்டதா என்பதைத் தனித்துக் கூறாது. அதற்குக் கட்டடக்கலை ஆய்வும் கல்வெட்டும் துணைநிற்க வேண்டும்.

முடிவுரை

1983இல் ஆஸ்திரேலிய ஒளிப்படக் கலைஞர் ஜான் கோலிங்ஸ், கிரீன்லா நின்ற இடங்களிலேயே நின்று மீண்டும் படமெடுத்தார். இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர், காலத்தால் அழிந்தவற்றோடு பாதுகாப்பின் பெயரால் நீக்கப்பட்டவற்றையும் அறியலாம். பாதுகாப்பும் ஒரு வரலாற்றுச் செயலே. அது எதனைக் காப்பது, எதனை நீக்குவது எனத் தேர்ந்தெடுக்கிறது. ஆதலின் திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு கட்டடத்தையும் நாள், இடம், திசை ஆகிய குறிப்புகளுடன் படம்பிடித்து வைத்தல் இன்றியமையாதது. அக்குறிப்பற்ற படம் காட்சியாகலாம், சான்றாகாது.