பெண்களுக்கு மது விற்கத் தடை: இலங்கையில் 4 நாளில் நடந்த யூ-டர்ன்

'வைன்னா லேடீஸ் டிரிங்க், விஸ்கி ஆம்பளைங்க சரக்கு' என்ற பேச்சு பல ஊர்களில் சகஜம். இலங்கைச் சட்டம் அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கலை. மதுக்கடையில் பெண்களுக்கு மதுவே விற்கக் கூடாது என்றது 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல். பாரில் வேலை பார்க்கணும்னா பெண்களுக்குத் தனி அனுமதி வேணும்னும் அது சொன்னது.

நடைமுறையில் இதைப் பலர் கண்டுக்கவில்லை என்பது வேறு விஷயம். 2018 ஜனவரி 10ஆம் தேதி நிதியமைச்சர் மங்கள சமரவீர தடையை நீக்கினார். பண்பாடு கெட்டுவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 14ஆம் தேதியே, நீக்கத்தை வாபஸ் வாங்க உத்தரவிட்டதாகப் பொதுக்கூட்டத்தில் அறிவித்தார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. அங்கே குடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தடை மட்டும் பெண்களுக்கு! இதை எதிர்த்துப் பெண்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

இந்தியாவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு டெல்லியிலும் அமலில் இருந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பாதுகாப்பு கொடுக்க வேண்டியது அரசின் வேலை, அதைக் காட்டிப் பெண்களின் வேலையைப் பறிக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.