மூன்று பெட்டிகள் கேட்ட ஆணை

பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டியைப் 'பூபெல்' என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர். யூஜின் பூபெல் சட்டப் பேராசிரியராக இருந்து அரசுப் பணிக்கு வந்தவர். 1883-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவரானார். பின்னாளில் வத்திக்கான் திருப்பீடத்துக்குத் தம் நாட்டின் தூதராகவும் சென்றார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது தூதுப்பணியால் அன்று. 1883 நவம்பர் 24 அன்று அவர் பிறப்பித்த ஓர் ஆணையால்.

அதுவரை பாரிஸ் மக்கள் வீட்டுக் குப்பையைத் தெருவோரத்தில் குவித்து வைப்பது வழக்கம். நகரின் வண்டிகள் காலையில் வந்து அள்ளிச் செல்லும். அவ்வண்டிகள் வருமுன் உள்ள இருள் கலந்த நேரம் வேறொரு கூட்டத்தாருக்கு உரியது. முதுகில் பெருங்கூடை, ஒரு கையில் விளக்கு, மறுகையில் நுனி வளைந்த கொக்கி. இவர்களே கந்தல் பொறுக்குவோர்.

பெயர்தான் கந்தல், அவர்கள் எடுத்தது கந்தலை மட்டுமன்று. மரக்கூழிலிருந்து தாள் செய்யும் முறை பரவும்வரை பழந்துணியே தாளுக்கு மூலப்பொருளாக இருந்தது. அக்காலத்து அறிஞர்தம் நூல்கள் எல்லாம் ஒருவகையில் இவர்களின் கொக்கி தொட்டவையே. எலும்பு பொத்தானாயிற்று, எலும்புக்கரி சர்க்கரையை வெளுக்கப் பயன்பட்டது. உடைந்த கண்ணாடி மீண்டும் உலைக்குச் சென்றது. தகர டப்பா குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாயிற்று. எஞ்சிய அழுகல், நகரைச் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டங்களுக்கு எருவாயிற்று. தரம் பிரித்தல் என்று நாம் இன்று சொல்வதைப் பல்லாயிரம் ஏழைகள் எவர் ஆணையும் இன்றிச் செய்துவந்தார்கள்.

நகரம் அவர்களை ஐயத்தோடே நோக்கியது. 1828-ஆம் ஆண்டிலேயே காவல்துறை அவர்கள் ஒவ்வொருவரும் பித்தளை வில்லை அணியவேண்டுமென விதித்தது. 1832-இல் பாரிஸில் காலரா பரவியபோது, குப்பையை விரைந்து அகற்றவென மாலையிலும் வண்டிகளை அனுப்பினார்கள். பிழைப்புப் பறிபோவதைக் கண்ட கந்தல் பொறுக்குவோர் கிளர்ந்தெழுந்து அவ்வண்டிகளை உடைத்தும் எரித்தும் போட்டார்கள். கொள்ளைநோய் வாசலில் நிற்கையில் குப்பைக்காகக் கலகமா என்று கேட்பது எளிது. அந்தக் குப்பையே ஒருவனுக்கு மறுநாள் உணவு என்றால் அவன் எங்கே போவான்?

பூபெலின் ஆணை அரை நூற்றாண்டுக்குப் பின் இதே புண்ணைத் தொட்டது. வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்குக் குப்பைப் பெட்டி தரவேண்டும். அது 40 முதல் 120 லிட்டர் கொள்ள வேண்டும். தெருவில் இனி எதையும் கொட்டலாகாது. பெட்டிகள் மூன்றாக இருக்கவேண்டும்: அழுகுவதற்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஆகியவற்றுக்கு ஒன்று. சிப்பி ஓட்டுக்கு அரசாணையில் இடமா என வியக்கவேண்டாம். சிப்பி பாரிஸ் மக்கள் விரும்பி உண்ட உணவு. அதன் ஓடு எருவாகாது, எரியாது. 1884 ஜனவரி 15 முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது.

செலவு தம் தலையில் விழுந்ததென வீட்டு உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். நாளேடுகள் ஏளனம் செய்தன. பூபெலின் பெயரைப் பெட்டிக்குச் சூட்டியதில் அவற்றின் பங்கு பெரிது. கந்தல் பொறுக்குவோரின் குரலோ வேறு. பெட்டியிலிருந்து நேரே வண்டிக்குப் போகும் குப்பையில் அவர்கள் எதைப் பொறுக்குவது? பத்திரிகைகளும் மன்றங்களும் இதனை விவாதித்தன. இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. வண்டி வருமுன் பெட்டியை ஆராய அவர்களுக்கு இசைவு கிடைத்தது.

பூபெல் கொடியவர் அல்லர். அதே 1884-இல் தூலோன், மார்செய் நகரங்களிலும், பின்னர் பாரிஸிலும் மீண்டும் காலரா தோன்றியது; அவரது அச்சம் வீண் அச்சமன்று. குப்பையை மூன்று வகையாக எண்ணிய அவரது அறிவையும் பாராட்டத்தான் வேண்டும். எனினும் அவ்வகைகளை முன்பே கையால் அறிந்திருந்த மனிதரை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆணை எழுதப்படுமுன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் என்ன என்ற எண்ணம் எழாமலில்லை.

கிடைத்த சலுகையும் எல்லாரையும் ஒன்றாகக் காக்கவில்லை. கந்தல் பொறுக்குவோருள்ளும் படிநிலை உண்டு. சிலருக்குக் குறிப்பிட்ட வீடுகள் உரிமை. வாயிற்காவலரோடு உறவு வைத்து, அவருக்குச் சிறு வேலைகள் செய்து, பெட்டியை முதலில் தொடுவார்கள். இவ்வுரிமை விற்கவும் மகனுக்கு விடவும் கூடியதாக இருந்தது. மற்றவரோ தெருத்தெருவாய் அலைந்து கிடைத்ததை எடுப்பவர்கள். தெருவில் குவியல் மறைந்தபோது முதலாமவர் நிலைத்தார்கள். அலைந்து பிழைத்தவர்களே நசிந்தார்கள். 1946-இல் பாரிஸில் இத்தொழிலே தடைசெய்யப்பட்டது.

மூன்று பெட்டிகள் என்னவாயின? பெட்டி நின்றது, பிரித்தல் நிற்கவில்லை. மக்கள் எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டார்கள். அதனைக் கண்டிக்கவும் எவரும் முற்படவில்லை. பின்னர் எரியுலைகளும் பெருங்குழிகளும் வந்தன. 1970-களில்தான் கண்ணாடியைத் தனியே திரட்டும் முயற்சி பிரான்சில் தொடங்கிற்று. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி உறைகளையும் தாளையும் தனியே போடும் வழக்கம் பரவியது. உணவுக் கழிவை வீட்டிலேயே பிரித்தெடுக்க வழிசெய்யும் கடமை 2024 ஜனவரி 1 அன்றுதான் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பூபெலின் ஆணையில் அழுகுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்த பெட்டி அது.